சித்தப்பாவின் பழைய கேம்பாய், இசைக்காக: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

#1 கோவை_கதிர்

வணக்கம். பரணை ஒழுங்குபடுத்தும்போது சித்தப்பாவின் கேம்பாய் (நிண்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவி) கிடைத்தது. 1993-இல் அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. சாம்பல் நிறப் பெட்டி, பின்பக்கம் டி.எம்.ஜி-01 என்று இருக்கிறது. பேட்டரி போடும் இடத்தில் ஒரு கம்பிச்சுருள் முழுக்கக் களிம்பு. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவைத்து, நான்கு ஏஏ பேட்டரி போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. நிண்டெண்டோ என்ற எழுத்து மேலிருந்து இறங்கி வந்து 'டிங்' என்றபோது வீட்டில் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். உள்ளே செருகியிருந்த டெட்ரிஸ் ஓடுகிறது. திரையில் இரண்டு செங்குத்துக் கோடுகள் மட்டும் விட்டுப்போயிருக்கின்றன.

நான் கணினியில் மெட்டு போடுகிறவன். ஒருவர் இரண்டு கேம்பாய்களை வயரால் இணைத்து ஒரு மணி நேரம் மேடையில் வாசிக்கும் காணொளியைப் பார்த்ததிலிருந்து இதில் இசை செய்ய ஆசை. தேடினால் 'ப்ரோ சவுண்ட்' மாட்டு, பின்னொளி போடு, திரையையே மாற்று, கிரிஸ்டலைக் கழற்று என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? எது உண்மையிலேயே தேவை?

சித்தப்பாவிடம் கேட்டேன். "எடுத்துக்கோ, ஆனா கெடுத்துடாதே" என்றார். அந்தச் சொல்தான் கையைக் கட்டுகிறது.

#2 பச்சைத்திரை

கதிர், முதலில் ஒன்று. இன்னும் ஒரு மாதத்துக்கு ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். இசை செய்ய அந்தப் பெட்டியில் மாற்ற வேண்டியது எதுவுமே இல்லை. தேவைப்படுவது பின்னால் செருகும் ஒரு கார்ட்ரிட்ஜ் மட்டும்தான்.

இரண்டு மென்பொருள்கள் உண்டு. ஒன்று நானோலூப், ஹாம்பர்க்கில் கலை படித்துக்கொண்டிருந்த ஒலிவர் விட்சோ 1998-இல் எழுதியது. இன்னொன்று லிட்டில் சவுண்ட் டிஜே, சுருக்கமாக எல்.எஸ்.டி.ஜே. ஸ்டாக்ஹோமில் யோகான் கொட்லின்ஸ்கி 2000 வாக்கில் தொடங்கியது. நானோலூப் கண்ணுக்குக் கோலப்புள்ளி மாதிரி: கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஒலி, விரல் போன போக்கில் மாற்றிக்கொண்டே போகலாம். எல்.எஸ்.டி.ஜே. கணக்குப் புத்தகம் மாதிரி. 16 வரிகள் கொண்ட 'பிரேஸ்', அவற்றைக் கோத்தால் 'செயின்', செயின்களை அடுக்கினால் பாட்டு. நீங்கள் கணினியில் மெட்டு போடுகிறவர் என்பதால் எல்.எஸ்.டி.ஜே. சீக்கிரம் பிடிபடும். எழுதி அழிக்கக்கூடிய ஒரு ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் வாங்கி அதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் சில்லில் நான்கு ஒலிச் சேனல். முதல் இரண்டும் சதுர அலை. அதில் நான்கு வடிவம் கிடைக்கும்: 12.5, 25, 50, 75 சதவீதம். (25-ம் 75-ம் காதுக்கு ஒன்றுதான்.) மூன்றாவது 'வேவ்' சேனல். 32 புள்ளிகளில் நாமே அலையை வரையலாம், ஒவ்வொரு புள்ளிக்கும் 16 படி உயரம். நான்காவது இரைச்சல், தாளத்துக்கு.

புதிதாக வருகிற எல்லாரும் செய்வது, சதுர அலையில் பாஸ் போடப் பார்ப்பது. போகாது. அந்த இரண்டு சேனலும் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. சில்லு அதிர்வெண்ணைக் கணக்கிடும் விதம் அப்படி: 131072-ஐ ஒரு எண்ணால் வகுக்கிறது, அந்த எண் அதிகபட்சம் 2048. வேவ் சேனல் அதில் பாதி, 32 ஹெர்ட்ஸ் வரை போகும். அதனால்தான் கேம்பாய் இசையில் அடிநாதம் எப்போதும் மூன்றாவது சேனலில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒலியளவு நான்கே படி: முழுசு, பாதி, கால், ஒன்றுமில்லை. சதுர அலைக்கு 16 படி உண்டு. ஒன்றில் ஆழம், இன்னொன்றில் நெளிவு. இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கை பழகுவதற்கே ஒரு மாதம் ஆகும். அதற்குப் பிறகு உங்களுக்கே தெரியும், எந்த மாற்றம் வேண்டும் என்று.

அப்புறம், உங்களிடம் இருக்கும் மாடல் பாஸுக்கு நல்ல மாடல். பின்னால் வந்த கேம்பாய் பாக்கெட், கேம்பாய் கலர் இரண்டையும் விட முதல் கேம்பாயில்தான் அடிச்சத்தம் கனமாக வரும். இசைக்காரர்கள் இதையே தேடி வாங்குகிறார்கள்.

#3 சேகரிப்பாளர்78

எல்லாரும் உற்சாகமாக இருக்கும்போது தடுப்பதாக நினைக்க வேண்டாம். ஆனால் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

30 வருடம் ஒரு குடும்பத்தின் கையிலேயே இருந்த கருவி. அதன் மஞ்சளேறிய ஓடு, சித்தப்பா விரல் தேய்த்த பட்டன், எல்லாம் அதனுடைய வரலாறு. ப்ரோ சவுண்ட் என்று ஒலிக்குத் தனி ஜாக் வைக்கச் சொல்வார்கள், அதற்கு ஒரு துளை போட வேண்டும் என்பார்கள். துளை போட்டால் போட்டதுதான், அடைக்க முடியாது. பின்னொளிக்குக் கண்ணாடியின் பின்னால் ஒட்டியிருக்கும் படலத்தை உரிக்க வேண்டும். அதைத் திருப்பி ஒட்ட முடியாது. எனக்குத் தெரிந்து இப்படி உரிக்கும்போதே கண்ணாடி விரிசல் விட்டவை ஏராளம்.

சத்தம்தான் வேண்டுமென்றால் கணினியில் கேம்பாயைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருள் இருக்கிறது. 2021-இல் வந்த அனலாக் பாக்கெட் என்ற கருவி பழைய கார்ட்ரிட்ஜை அப்படியே ஏற்கிறது, நானோலூப்பும் அதில் உள்ளேயே வருகிறது. அவற்றில் செய்யுங்கள். சித்தப்பாவுடையதை அலமாரியில் வையுங்கள்.

#4 பச்சைத்திரை

> துளை போட்டால் போட்டதுதான், அடைக்க முடியாது.

இதில் எனக்கு முழுச் சம்மதம். அதனால்தான் அசல் ஓட்டில் யாரும் துளை போட வேண்டாம் என்கிறேன். டி.எம்.ஜி-க்குப் புதிதாக வார்த்த ஓடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. சித்தப்பாவின் ஓட்டையும் பட்டன்களையும் துடைத்து, துணியில் சுற்றி, பெயர் எழுதி வைத்துவிடுங்கள். பலகையை மட்டும் புது ஓட்டில் மாட்டுங்கள். துளை புது ஓட்டில் விழட்டும். நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் ப்ரோ சவுண்டுக்குப் போட்ட மூன்று வயரை எடுத்துவிட்டுப் பழைய வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆனால் அலமாரியில் வைப்பதுதான் மரியாதை என்பதை ஏற்க மாட்டேன். கேம்பாயும் கேம்பாய் கலரும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கின்றன. அபூர்வப் பொருள் இல்லை இது. இதை உருவாக்கிய கும்பெய் யோகோய், புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், மலிவாகிப் பழகிப்போன பாகங்களைப் புதிய விதத்தில் பயன்படுத்துவதையே கொள்கையாக வைத்திருந்தவர். போட்டிக் கருவிகள் வண்ணத் திரையோடு வந்தபோது இது நான்கு பச்சையை வைத்துக்கொண்டு ஜெயித்தது அதனால்தான். பழையதில் புதுப் பயன் காண்கிற இசைக்காரர்கள் அவர் வழியில்தான் போகிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். விளையாட்டுக் கருவியாக இது 1989-இல் ஜப்பானில் வெளிவந்தது, 2003-இல் விற்பனை நின்றது. 14 வருடம். இசைக்கருவியாக 1998-இல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. நியூயார்க்கில் 2006 முதல் 2012 வரை பிலிப் ஃபெஸ்டிவல் என்று இதற்கென்றே விழா நடந்தது. இசைக்கருவியாக வாழ்ந்த காலம்தான் இப்போது கூடுதல்.

அனலாக் பாக்கெட் நல்ல கருவி, மறுக்கவில்லை. எமுலேட்டரில் எழுதிப் பழகுவதும் நல்லதுதான், நானே பேருந்தில் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் எமுலேட்டரில் எழுதியதை அன்று இரவு உண்மையான பெட்டியில் ஓடவிட்டுக் கேட்கும்போது, கீழே ஒரு தடிமன் சேர்ந்திருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

#5 ஈயக்குச்சி

தம்பி கதிர், நான் மதுரையில் 27 வருடமாக ரேடியோ, டேப், டிவி பார்க்கிறவன். மகனுடைய கேம்பாய்க்கு நான்தான் வேலை செய்தேன். பிறகு அவன் நண்பர்களுடையது என்று ஒன்பதோ பத்தோ செய்திருக்கிறேன். பச்சைத்திரை அம்மா சொன்னதை அப்படியே கேளுங்கள். அதற்கு மேல் என் கை அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதல் வேலை மாற்றம் இல்லை, சுத்தம். பழைய கேம்பாயில் திடீரென்று அணைந்து எழுவது, சத்தம் கரகரப்பது, ஒலியைக் கூட்டினால் 'கர்' என்பது, முக்கால்வாசி எல்லாம் சுவிட்சில் கார்பன் பிடித்ததால் வருவது. பவர் சுவிட்சிலும் வால்யூம் சக்கரத்திலும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, பேட்டரி இல்லாமல் இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். கார்ட்ரிட்ஜ் பற்களையும் அதே ஆல்கஹால் தொட்ட பஞ்சால். ஊதக் கூடாது. வாயின் ஈரம் உள்ளே போய்க் களிம்பாகும்.

ஓட்டை மூடியிருக்கும் ஆறு ஸ்க்ரூவும் மூன்று கால் வெட்டு உள்ளவை. அதற்கென்று டிரைவர் வாங்குங்கள். சாதாரண டிரைவரை அழுத்தித் திருப்பினால் தலை வழித்துவிடும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். திறந்ததும் இரண்டு பாதியையும் பட்டையான ஒரு நாடா வயர் இணைத்திருக்கும். அதைச் சாய்த்து இழுக்காமல் நேராக மேலே எடுத்தால் கழன்று வரும்.

திரையில் விட்டுப்போன செங்குத்துக் கோடு: கண்ணாடியின் கீழ் ஓரத்தில் பட்டை ஒட்டியிருக்கும் இடத்தில் தொடர்பு விட்டிருக்கிறது. சால்டரிங் அயர்னைக் குறைந்த சூட்டில் வைத்து, அந்தப் பட்டையின் மேல் நிறுத்தாமல் மெதுவாக வழித்துக்கொண்டே போக வேண்டும். சட்டையில் மடிப்பு தேய்க்கிற மாதிரி. கேம்பாயை ஆன் செய்தபடியே செய்தால் கோடு திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பட்டை கருகி, இரண்டு கோடு இருபது கோடாகும். ஆற அமர, நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள்.

இப்போது ப்ரோ சவுண்ட். பெயர் பெரிது, வேலை மூன்று வயர். சில்லிலிருந்து வரும் ஒலி முதலில் வால்யூம் சக்கரத்துக்குப் போகிறது, அங்கிருந்து உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு, அப்புறம்தான் ஹெட்போன் துளைக்கு. அந்த ஆம்ப்ளிஃபையர் ஹெட்போனையும் ஸ்பீக்கரையும் ஓட்டுவதற்காக வைத்தது. அது ஒரு 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலைச் சேர்க்கும், அடிச்சத்தத்தைக் கொஞ்சம் சாப்பிட்டுவிடும். நாம் செய்வது, அதற்கு முன்னாலேயே, வால்யூம் சக்கரத்தின் கால்களில் இடம், வலம், தரை மூன்றையும் எடுத்துத் தனியாக ஒரு ஜாக்குக்குக் கொண்டுபோவது. சக்கரத்துக்கு முன் எடுத்தால் எப்போதும் முழுச் சத்தம் வரும், மிக்சரில் குறைத்துக்கொள்ளலாம். பின் எடுத்தால் சக்கரம் வேலை செய்யும். மேடைக்கு முன்னது நல்லது என்று என் மகன் சொல்கிறான்.

மூன்று விஷயம் மறக்காதீர்கள். ஷீல்டு வயர் போடுங்கள், சாதாரண வயர் என்றால் சில்லின் கீச்சொலியை அதுவே வாங்கிக்கொண்டு வரும். வயரை வலப்பக்க ஓரமாகக் கொண்டுபோங்கள், பவர் பலகையின் மேல் படுக்க விடாதீர்கள். 30 வாட் அயர்ன் போதும், ஒரு காலில் இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், பலகையில் இருக்கும் செம்பு ட்ராக் உரிந்துவிடும். அந்த ஜாக்கில் ஹெட்போனை நேரடியாக மாட்டினால் சத்தம் கம்மியாகத்தான் இருக்கும். அது மிக்சருக்கான வாய். ஹெட்போனுக்குப் பழைய துளை அப்படியே இருக்கிறதே.

#6 நாலாம்சேனல்

ஈயக்குச்சி ஐயா எழுதியதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். இவ்வளவு தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

திரையைப் பற்றி என் அனுபவம். அசலுக்குப் பதில் மாட்டும் புதுவகை ஐபிஎஸ் திரை அழகுதான், மறுக்கவே முடியாது. மூன்று வருடம் முன்பு இணையத்தில் ஒரு கடையில் வாங்கி மாட்டினேன். மறுநாள் பதிவு செய்ய உட்கார்ந்தால் பாட்டுக்கு அடியில் 'ஈஈஈ' என்று மெல்லிய கீச்சு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீச்சும் கூடுகிறது. ப்ரோ சவுண்ட் போட்டும் போகவில்லை. கப்பாசிட்டர் சேர்த்துப் பார்த்தேன், குறைந்ததே தவிர நிற்கவில்லை. கடைக்கு எழுதினால் திரை நன்றாகத் தெரிகிறதல்லவா என்று பதில் வந்தது. கடைசியில் கழற்றிவிட்டு அசல் கண்ணாடிக்கே திரும்பினேன், அதன் பின்னால் சாதாரண எல்இடி பின்னொளி. சத்தம் சுத்தம். விளையாட மட்டும் என்றால் ஐபிஎஸ் போடுங்கள். இசைக்கு அசல் கண்ணாடிதான். பேட்டரியும் அதிக நேரம் வரும்.

பின்னொளி போடும்போது 'பைவெர்ட்' என்று ஒன்று சேர்த்துச் செய்வார்கள். ஒளிமுனைப்புப் படலத்தைத் திருப்பி வைத்தால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறும். திரைக்குப் போகும் தகவலை 74எச்சி04 என்ற சின்ன ஐசி வழியாகத் தலைகீழாக்கி அனுப்பினால் மறுபடி நேராகும். இரண்டும் சேரும்போது எழுத்து நறுக்கென்று தெரியும். எல்.எஸ்.டி.ஜே.-யில் திரை முழுக்கப் பொடி எழுத்து, இருட்டு மேடையில் அது பெரிய உதவி. ஆனால் இதுவும் தேவைப்பட்டால் மட்டும். சேகரிப்பாளர் ஐயா சொன்னது சரி, படலம் உரிப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வேலை.

கிரிஸ்டல் விஷயம். கேம்பாயின் இதயம் 4.19 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதை எடுத்துவிட்டு எல்டிசி1799 என்ற ஐசியையும் ஒரு குமிழையும் வைத்தால், குமிழைத் திருப்ப ஸ்ருதியும் வேகமும் சேர்ந்து ஏறும், இறங்கும். கேட்க மயக்கமாக இருக்கும். ஆனால் இரண்டும் சேர்ந்தே போகும், தனித்தனியாக முடியாது. எல்லை மீறினால் கருவி உறைந்துவிடும், உறையும் நேரத்தில் கார்ட்ரிட்ஜில் எழுதிக்கொண்டிருந்தால் பாட்டு போகும். இதைச் சித்தப்பா கருவியில் செய்யவே வேண்டாம். எனக்கு அதற்கென்று ஒரு உடைந்த ஓட்டுக் கேம்பாய் தனியாக இருக்கிறது.

பாட்டு போவது என்றதும் ஞாபகம் வருகிறது. எல்.எஸ்.டி.ஜே. பாட்டுகள் கார்ட்ரிட்ஜின் 128 கேபி நினைவகத்தில் இருக்கும். பல கார்ட்ரிட்ஜ்களில் அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் காலி. எனக்கு 11 பாட்டு போயிருக்கிறது. அவற்றில் ஒன்றை இன்னும் மனசிலிருந்து திருப்பி எழுத முடியவில்லை. யூஎஸ்பி-யில் செருகும் கார்ட்ரிட்ஜ் ரீடர் ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை கணினிக்கு நகல் எடுங்கள். ப்ரோ சவுண்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.

#7 வில்லும்_நரம்பும்

ரொறொன்ரோவில் இருந்து எழுதுகிறேன். இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். நான் வயலின் படிப்பிக்கிற ஆள், மின்சாரச் சாமான் எதுவும் தெரியாது. என்னட்டைப் படிக்கிற பிள்ளை ஒன்று கேம்பாயில் செய்த மெட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினது. மோகனம் மாதிரி ஐந்து சுரம். சுரங்கள் எல்லாம் சரி, ஆனால் படி படியாக ஏறி இறங்குது, கமகம் ஒன்றும் இல்லை. இந்தக் கருவியால் ஒரு சுரத்தில் இருந்து மற்றதுக்கு வழுக்கிப் போக ஏலுமா, இல்லாட்டி ஹார்மோனியம் மாதிரி கட்டைகள் மட்டும்தானா? கதிர் தம்பி, உங்கட இழையில் வேறு கதை கேட்கிறதுக்கு மன்னிக்க வேணும்.

#8 பச்சைத்திரை

இதைக் கேட்டதற்கு நன்றி ஐயா. வேறு கதை இல்லை, இதுதான் கதை.

ஏலும். மேலே சொன்ன வகுத்தல் கணக்குக்கே திரும்பி வருவோம். சில்லுக்குச் சுரம் என்பதே தெரியாது. 131072-ஐ எந்த முழு எண்ணால் வகுக்கச் சொன்னாலும் வகுக்கும். நடு ஸ்தாயி ஒரு கட்டை ஸட்ஜமம், ஏறத்தாழ 261.6 ஹெர்ட்ஸ், அங்கே அந்த எண் 501. அடுத்த அரைச்சுரத்துக்கு 473. அதாவது ஸ-வுக்கும் சுத்த ரி-க்கும் நடுவில் 28 படிகள். காதுக்கு அது படியே இல்லை, வழுக்கல்தான். மேலே போகப் போகப் படிகள் குறையும். தார ஸ்தாயியில் 14, அதற்கும் மேல் 7. இன்னும் ஒரு ஸ்தாயி ஏறினால் மூன்று நான்குதான், அங்கே வழுக்கினால் மணிக்கல் உதிர்வது போல் படி படியாகக் கேட்கும். ஆக, மந்திரத்திலும் நடு ஸ்தாயியிலும் கமகம் செய்யலாம். உச்சத்தில் நேர்ச்சுரமாக நிறுத்திக்கொள்வது நல்லது.

எல்.எஸ்.டி.ஜே.-யில் எல் கட்டளை ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும், ஜாருக்கு அது. வி கட்டளை அசைவு, கம்பிதத்துக்கு. பி கட்டளை சுருதியை மேலும் கீழும் வளைக்கும். வாத்தியத்தின் பிட்ச் முறையை 'ஃபாஸ்ட்' என்று வைத்தால் விநாடிக்கு 360 முறை மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் வளைவு குழையக் கேட்கும். வேவ் சேனலில் ஸ-வை நீளமாகப் பிடித்து வைத்தால் கீழே ஒரு ஆதாரம் கிடைக்கும்.

பிள்ளையிடம் சொல்லுங்கள், ஒரு வரியில் ஒரு சுரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சுரத்துக்கு மூன்று வரி எடுத்துக்கொள்ளட்டும். முதல் வரியில் கீழ்ச்சுரம், இரண்டாவதில் எல், மூன்றாவதில் வி. நான் ஒரு தோடி காந்தாரத்துக்காக நான்கு இரவு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் வயலின் அருகே வரவில்லை. ஆனால் அது காந்தாரம்தான் என்று என் அம்மா கண்டுபிடித்தார், அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

#9 நாலாம்சேனல்

தாளத்துக்கு ஒரு வரி சேர்க்கிறேன். பிரேஸ் 16 வரி என்பதால் ஆதிதாளம் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். 15-ஆவது வரியில் எச் கட்டளை வைத்தால் 14 வரியோடு அடுத்த பிரேஸுக்குத் தாவிவிடும். அது மிஸ்ர சாபு, ஏழு ஏழாக. 11-ஆவதில் வைத்தால் கண்ட சாபு. நான்காம் சேனலில் இரைச்சலுக்கு இரண்டு விதம் உண்டு. நீண்ட சுழற்சி மழை மாதிரி 'சோ' என்று இருக்கும். குட்டிச் சுழற்சியில் உலோகம் மாதிரி ஒரு சுருதி வந்துவிடும், கஞ்சிரா சலங்கைக்கு அது பக்கத்தில் போகிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கு வேவ் சேனலில் சுருதியை விருட்டென்று கீழே இறக்குங்கள், 'தொம்' கிடைக்கும்.

#10 கோவை_கதிர்

இரண்டு மாதம் ஆகிவிட்டது. பச்சைத்திரை அக்கா சொன்னபடி முதல் மாதம் பெட்டியைத் திறக்கவே இல்லை. எல்.எஸ்.டி.ஜே.-யில் நான்கு மெட்டு முடித்தேன். அதற்கப்புறம்தான் சித்தப்பாவை எதிரில் உட்கார வைத்துத் திறந்தேன்.

செய்தவை: சுவிட்ச், வால்யூம், கார்ட்ரிட்ஜ் வாய் எல்லாம் சுத்தம் செய்தேன். 'கர்' முழுக்கப் போய்விட்டது. திரையின் ஒரு கோடு முதல் வழிப்பிலேயே திரும்பி வந்தது, இன்னொன்று ஐந்தாவது முறையில் வந்தது. சித்தப்பா பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அசல் ஓடு இப்போது அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது, பலகை புது ஓட்டில். ஷீல்டு வயர் போட்டு ப்ரோ சவுண்ட், சக்கரத்துக்கு முன்னிருந்து எடுத்தேன். பின்னொளி போடவில்லை. மேசை விளக்கே போதுமாக இருக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். மிக்சரில் மாட்டினால் என் மெட்டின் முக்கியமான சதுர அலை இடப்பக்கம் மட்டும் வருகிறது, வலத்தில் இல்லை. மற்ற சேனல்கள் இரண்டு பக்கமும் வருகின்றன. வலப்பக்க வயரை இரண்டு முறை எடுத்து மறுபடி ஈயம் வைத்துவிட்டேன், ட்ராக் உரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பழைய ஹெட்போன் துளையிலும் இப்படியே.

#11 ஈயக்குச்சி

தம்பி, அயர்னைக் கீழே வையுங்கள். இனி ஒரு தடவைகூடச் சூடு காட்ட வேண்டாம்.

நீங்களே விடையை எழுதியிருக்கிறீர்கள். வயர் அறுந்திருந்தால் வலப்பக்கம் எதுவுமே வராது. மற்ற மூன்று சேனல் வருகிறது என்றால் வயரும் ஈயமும் நல்லா இருக்கிறது. உங்கள் ஒட்டு ப்ரோ சவுண்ட் ஜாக்கில், ஆனால் பழைய துளையிலும் அதே குறை என்கிறீர்கள். நான்கு சேனலும் சில்லுக்கு உள்ளேயே கலந்து, இடம் ஒன்று வலம் ஒன்று என்று இரண்டே வழியாகத்தான் வெளியே வருகின்றன. ஒரு சேனலை மட்டும் வெளியே யாராலும் அறுக்க முடியாது. குறை சில்லிலோ, பாட்டிலோ இருக்கிறது. மென்பொருள் எனக்குத் தெரியாது, பச்சைத்திரை அம்மா பார்க்கட்டும்.

#12 பச்சைத்திரை

கதிர், கார்ட்ரிட்ஜைக் கழற்றாமல் ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். ஆரம்பத்தில் வரும் அந்த 'டிங்' முதல் சதுர அலை சேனலில்தான் வருகிறது, கருவி அதை இரண்டு பக்கமும் அனுப்பும். அது இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்டால் சில்லும் நலம்.

அப்புறம் எல்.எஸ்.டி.ஜே.-யில் அந்த வாத்தியத்தின் பக்கத்தைத் திறந்து 'அவுட்புட்' என்ற வரியைப் பாருங்கள். எல்ஆர் என்று இருக்க வேண்டும். எல் மட்டும் இருந்தால் அதுதான் காரணம். அங்கே சரியாக இருந்தால், பிரேஸிலோ டேபிளிலோ (வாத்தியத்தோடு சேர்ந்து ஓடும் கட்டளைப் பட்டியல்) ஓ கட்டளை எங்காவது விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். பக்கம் மாற்றுகிற கட்டளை அது. ஒருமுறை வைத்தால் மாற்றும்வரை அப்படியே நிற்கும்.

#13 கோவை_கதிர்

'டிங்' இரண்டு பக்கமும் வந்தது. ஓ கட்டளைதான். இரண்டாவது மெட்டில் ஒரு எதிரொலிக்காக வைத்திருந்தேன், அந்த டேபிளையே இதற்கும் பயன்படுத்தியதால் கூடவே வந்துவிட்டது. எடுத்ததும் சரியாகிவிட்டது. ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

நேற்று இரவு சித்தப்பா வந்திருந்தார். மிக்சர் வழியாக வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். வேவ் சேனல் இறங்கியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இதுக்குள்ள இவ்வளவு சத்தமா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, கையில் வாங்கி, டெட்ரிஸைப் போடச் சொன்னார். ஒரு மணி நேரம் திருப்பித் தரவில்லை.

எச் கட்டளை வைத்து மிஸ்ர சாபுவில் ஐந்தாவது மெட்டைத் தொடங்கியிருக்கிறேன். நாலாம்சேனல், அந்த 'தொம்' எனக்கு இன்னும் 'டுப்' என்றுதான் வருகிறது. சுருதியை எந்தச் சுரத்திலிருந்து இறக்குகிறீர்கள்?

#14 நாலாம்சேனல்

நடு ஸ்தாயி ப-விலிருந்து. பி கட்டளையின் வேகத்தை இப்போது வைத்திருப்பதில் பாதியாக்குங்கள், இரண்டு வரி தள்ளி கே கட்டளையால் நிறுத்துங்கள். வேவ் வடிவத்தை மழுங்கலான மலை மாதிரி வரையுங்கள், கூர்முனை இருந்தால் 'டுப்' வரும். செய்து பார்த்துவிட்டு இங்கேயே ஒலியைப் போடுங்கள், கேட்கிறேன்.